ஒரு வரிக்குப் பின்னால் ஐந்நூறு கட்டளைகள்

சிறு சிப்புகளின் வரலாறு: பகுதி 14

1980-ல் இன்டெல் நிறுவனம் 8051 சிப்பை வெளியிட்டதோடு சென்ற பகுதியை முடித்திருந்தோம். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிற அதே 8051தான். கணக்குப் போடும் மையம், 4 கிலோபைட் நிரல் நினைவகம், 128 பைட் ரேம், டைமர்கள், வெளியுலகத்தோடு பேச 32 இணைப்புகள் என அத்தனையும் ஒரே சிப்புக்குள் வந்துவிட்டன. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளும் கணினியின் விசைப்பலகைக்குள்ளும் ஒரு முழுக் கணினியைப் பொருத்தும் அளவுக்கு விலை இறங்கிவிட்டது.

சிப் மலிவானது. அதற்கு வேலை சொல்வது மலிவாகவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் இத்தகைய சிப்பை வாங்குகிற காசு ஒரு பள்ளி ஆசிரியரிடம் இருக்கலாம். அதை இயக்கத் தேவையான கருவிகளும் பயிற்சியும் தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும்தான் இருந்தன. அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் கதை. திறந்தவர்கள் சிப்பை வடிவமைத்தவர்கள் அல்லர். அந்தச் சிப்புக்காக எளிய மொழி ஒன்றை எழுதியவர்கள்.

அரை வினாடி காத்திருப்பது எப்படி?

கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1990-களின் தொடக்கத்தில் ஒருவர் பிக் வகை சிப் ஒன்றை வைத்து ஒரு எல்.இ.டி. விளக்கை அரை வினாடிக்கு ஒருமுறை எரித்து அணைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த பிக் குடும்பம் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் பிறந்து, அங்கிருந்து பிரிந்த மைக்ரோசிப் நிறுவனத்தின் கையில் அரிசோனாவில் வளர்ந்தது. அன்றைய சிப்புகளில் திரும்பத் திரும்ப நிரல் எழுதிப் பார்க்க வேண்டுமென்றால், முதுகில் குவார்ட்ஸ் ஜன்னல் வைத்த பீங்கான் உறைச் சிப்பை வாங்க வேண்டும். அதன் விலை அதிகம். பழைய நிரலை அழிக்க, சிப்பைச் சர்க்யூட்டிலிருந்து பிடுங்கி, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் கால் மணி நேரமாவது வைக்க வேண்டும். பிறகு புரோகிராமர் கருவியில் செருகி எழுதி, மறுபடி சர்க்யூட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் இத்தனையும் முதலிலிருந்து.

எழுத வேண்டியது அசெம்பிளி, அதாவது சிப்பின் சொந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி. அதில் ‘அரை வினாடி பொறு’ என்று ஒரு கட்டளை கிடையாது. சிப்பை வெட்டியாக எண்ண விட்டுத்தான் நேரத்தைக் கழிக்க முடியும். சிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது அதோடு இணைத்த கிரிஸ்டல். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் பிக், ஒரு சாதாரணக் கட்டளைக்கு ஒரு மைக்ரோ வினாடி எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் அரை வினாடிக்கு ஐந்து லட்சம் கட்டளை நேரத்தை வீணடிக்க வேண்டும். ஆனால் அதன் எண்ணிக்கைப் பெட்டி 8 பிட் அளவுதான். 256 சுற்றோடு முடிந்துவிடும். ‘ஒன்றைக் கழி, பூஜ்யமானால் அடுத்த கட்டளையைத் தாண்டு, இல்லையேல் திரும்பிப் போ’ என்கிற சுற்றுக்கு மூன்று மைக்ரோ வினாடி. 256 முறை சுற்றினாலும் ஏறக்குறைய 770 மைக்ரோ வினாடிதான் கழியும். அந்தச் சுற்றை இன்னொரு சுற்றுக்குள் வைத்து, அதையும் 256 முறை ஓட்டினால் 0.2 வினாடிக்குச் சற்றுக் குறைவாக வரும். இன்னும் அரை வினாடி ஆகவில்லை! மூன்றாவது சுற்று ஒன்று வேண்டும். கணக்கெல்லாம் சரியாக வந்தபின் யாராவது கிரிஸ்டலை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால், விளக்கு ஐந்து மடங்கு வேகத்தில் துடிக்கும். கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஒரு விளக்கை எரிப்பதற்கே இந்தப் பாடு என்றால், செடிக்குத் தண்ணீர் விடும் கருவியோ பார்வையற்றோருக்கான எச்சரிக்கைக் கருவியோ மனதில் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே கைவிட்டிருப்பார்கள்! அவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. யோசனைக்கும் எரியும் விளக்குக்கும் நடுவே கிடந்த தூரம்தான் அவர்களைத் தோற்கடித்தது.

8 கிலோபைட்டுக்குள் ஒரு பேசிக்

அந்தத் தூரத்தைக் குறைக்கும் பெரிய முயற்சி ஒன்று 1980-களிலேயே இன்டெல்லுக்குள்ளிருந்து வந்தது. 8051-ன் தம்பியான 8052-ல் நிரல் நினைவகம் 8 கிலோபைட். இன்டெல் பொறியாளர் ஜான் கட்டாவ்ஸ்கி, அந்த 8 கிலோபைட்டுக்குள் பேசிக் மொழி முழுவதையும் அடக்கிக் காட்டினார். தசமப் புள்ளிக் கணக்கும் அதில் உண்டு. தொழிற்சாலையிலேயே அந்த மொழி பதிக்கப்பட்ட சிப், 8052ஏ.எச்.-பேசிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அதைப் பயன்படுத்திய விதத்தைக் கவனியுங்கள். சிப்போடு வெளி ரேம் ஒன்றை இணைத்து, சீரியல் கம்பி வழியாக ஒரு டெர்மினலோடு பிணைக்க வேண்டும். டெர்மினலில் ஸ்பேஸ் பாரை ஒருமுறை அழுத்தினால் போதும். அந்த ஓர் எழுத்து வந்து சேரும் வேகத்தை அளந்தே, எந்த வேகத்தில் பேச வேண்டும் என்பதைச் சிப் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். உடனே ‘ரெடி’ என்று திரையில் பதில் வரும். அதன்பின் பேசிக் வரிகளைத் தட்டச்சு செய்து, அங்கேயே ஓட்டிப் பார்த்து, திருத்தலாம். திருப்தியானதும் பக்கத்தில் இருக்கும் ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் நிரலை எழுதச் சொன்னால், சிப்பே எழுதிவிடும். அடுத்த முறை மின்சாரம் வந்ததும் நிரல் தானாக ஓடத் தொடங்கும். புற ஊதா விளக்கோ தனிப் புரோகிராமரோ இல்லாமலே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தயார். 1985-ல் பைட் இதழில் ஸ்டீவ் சியார்சியா இந்தச் சிப்பை வைத்து ஒரு போர்டு கட்டும் முறையை எழுதியபின், அது ஆர்வலர்களிடையே நன்றாகப் பரவியது.

ஏன் பேசிக்? 1964 மே மாதம் முதல் தேதி, விடிகாலை 4 மணிக்கு, டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் முதன்முதலாக ஓட்டிக் காட்டிய மொழி அது. அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1980-களில் வீட்டுக் கணினியை இயக்கியதும் ஒரு தலைமுறை இளைஞர்களுக்குப் பேசிக்கே கண்முன் நின்றது. அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே சிப்போடு பேசச் சொன்னதில்தான் கட்டாவ்ஸ்கியின் வெற்றி இருந்தது.

குறை ஒன்று இருந்தது. வெளி ரேம், ஈப்ராம், முகவரி லாட்ச் எனச் சுற்றிலும் பல சிப்புகள் தேவைப்பட்டன. ஒரே சிப்பில் எல்லாம் என்ற 8051-ன் சிறப்பு அதில் காணாமல் போனது.

தபால்தலை அளவில்

கலிபோர்னியாவின் பேரலாக்ஸ் நிறுவனத்தை 1987-ல் தொடங்கியவர்கள் சிப் கிரேஸியும் லான்ஸ் வாலியும். பிக் சிப்புகளுக்கான நிரல் எழுதும் கருவிகளை விற்று வந்தார்கள். பிக்கின் அசெம்பிளி மொழி பலருக்குப் புரிபடவில்லை என்பதைக் கண்டு, 8051 பாணிக் கட்டளைகளாலேயே பிக்கை இயக்கும் அசெம்பிளர் ஒன்றையும் தந்திருந்தார்கள். பயனாளர் திணறும் இடம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1992-ல் அவர்கள் வெளியிட்டது பேசிக் ஸ்டாம்ப். தபால்தலையைப் போலச் சின்னதாக இருந்ததால் அந்தப் பெயர். அதன் உள்ளே இருந்தது பிக்16சி56. மொத்த நிரல் இடம் 1,024 சொற்கள். ரேம் 25 பைட். அந்த 1,024 சொற்களுக்குள் பேசிக் வரிகளை ஒவ்வொன்றாகப் புரிந்து ஓட்டும் இன்டர்பிரிட்டரை கிரேஸி எழுதி முடித்தார். 25 பைட் ரேமிலிருந்து 14 பைட்டைப் பயனாளரின் மாறிகளுக்கென்று ஒதுக்கவும் செய்தார். பயனாளரின் நிரல் பக்கத்தில் இருந்த 256 பைட் ஈஈப்ராம் நினைவகத்தில் போய் உட்காரும். 80 முதல் 100 கட்டளைகள் வரை அதில் கொள்ளும். 9 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சொருகி, கணினியின் பிரின்டர் போர்ட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்தால் வேலை தொடங்கிவிடும்.

மேலே மூன்று சுற்றுகளாகப் பார்த்த அந்த விளக்கு, ஸ்டாம்பில் ஐந்து வரி: ‘ஹை 0’, ‘பாஸ் 500’, ‘லோ 0’, ‘பாஸ் 500’, பிறகு ‘கோடூ’ போட்டு முதல் வரிக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். 500 என்பது மில்லி வினாடி. பிசகினால் வரியைத் திருத்தி மறுபடி இறக்கலாம். சில வினாடிகளில் புதிய நிரல் ஓடும். பொத்தானை அழுத்தியதும் ஏற்படும் அதிர்வை வடிகட்ட ஒரு கட்டளை, ஒலி எழுப்ப ஒன்று, சீரியலில் பேச ஒன்று என அன்றாடத் தேவைகளுக்கு நேரடியான சொற்களையே வைத்திருந்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பிக் வினாடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை ஓட்டும். ஸ்டாம்ப் வினாடிக்குச் சுமார் 2,000 பேசிக் கட்டளைகளை மட்டுமே ஓட்டியது. வகுத்துப் பார்த்தால், ஒரு பேசிக் வரிக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்நூறு பிக் கட்டளைகள் ஓடியிருக்கின்றன. ஈஈப்ராமிலிருந்து அடுத்த குறியீட்டைப் பிட்டுக்குப் பிட்டாக வாங்குவது, அது எந்தக் கட்டளை என்று அறிவது, அதற்குரிய மாறியைத் தேடுவது என்பதிலேயே நேரம் போனது. கணக்கு விதியும் சுருங்கியது. பெருக்கலுக்கு முன்னுரிமை இல்லை. எல்லாம் இடமிருந்து வலம்தான். 2 + 3 × 4 என்று கேட்டால் ஸ்டாம்ப் 20 என்று சொல்லும். இடமில்லாத வீட்டில் கிரேஸி எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்ததன் விளைவு அது.

ஆனாலும் ஆசிரியர்களும் கலைஞர்களும் பொழுதுபோக்கு ஆர்வலர்களும் ஸ்டாம்பைக் கொண்டாடினார்கள். கதவைத் திறப்பதற்கும் மீன்தொட்டியின் வெப்பத்தைப் பார்ப்பதற்கும் வினாடிக்கு 2,000 கட்டளைகள் தாராளம். 1995-ல் வந்த ஸ்டாம்ப் 2, 16 இணைப்புகளும் 2 கிலோபைட் நிரல் இடமும் சுமார் 4,000 கட்டளை வேகமும் தந்தது.

மேடை மொழிபெயர்ப்பும் அச்சிட்ட உரையும்

தேர்தல் காலத்தில் வடநாட்டுத் தலைவர் ஒருவர் மேடையில் பேசும்போது, பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்வார். ஒரே உரையை நூறு ஊர்களில் பேசினாலும் நூறு முறையும் அவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். இன்டர்பிரிட்டர் செய்வது அதைத்தான். உரையை முன்கூட்டியே தமிழில் மாற்றி அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், மேடையில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை. கம்பைலர் செய்வது அது.

கெமெனியும் கர்ட்ஸும் எழுதிய முதல் பேசிக் உண்மையில் ஒரு கம்பைலர்தான். சிறிய வீட்டுக் கணினிகளின் நினைவகத்துக்குள் மொழியையும் நிரலையும் சேர்த்தே வைக்க வேண்டிய காலத்தில்தான் இன்டர்பிரிட்டர் வடிவம் ஊரெங்கும் பரவியது. 1990-களின் நடுவில் மேசைக் கணினிகள் வலுவடைந்ததும் நிலைமை மாறியது. மொழியைப் புரிந்துகொள்ளும் பாரம் எல்லாம் மேசைக் கணினியிலேயே இருக்கட்டும், சிப்புக்குள் முடிந்துபோன இயந்திரக் கட்டளைகள் மட்டும் போகட்டும் என்று சிலர் இறங்கினார்கள்.

கொலராடோவின் மைக்ரோ எஞ்சினியரிங் லேப்ஸ் தந்த பிக்பேசிக், ஸ்டாம்புக்கு எழுதிய நிரலை வாங்கி, பிக் சிப்பின் சொந்தக் கட்டளைகளாக மாற்றிக் கொடுத்தது. தனி ஈஈப்ராம் வேண்டாம், முன்பதித்த இன்டர்பிரிட்டர் வேண்டாம். கடையில் வாங்கிய வெறும் சிப் போதும். அதே காலத்தில் சிப்புகளும் இணங்கி வந்தன. 1993-ல் மைக்ரோசிப் வெளியிட்ட பிக்16சி84-ன் நிரல் நினைவகம் மின்சாரத்தாலேயே அழியக்கூடியது. குவார்ட்ஸ் ஜன்னலும் புற ஊதா விளக்கும் ஆர்வலரின் மேசையிலிருந்து விடைபெற்றன.

நார்வேயில், டிரான்ட்ஹெய்ம் நகர மாணவர்கள் ஆல்ஃப்-எகில் போகனும் வேகார்ட் வோலனும் வடிவமைத்த ஏ.வி.ஆர். குடும்பம் 1990-களின் பிற்பகுதியில் அட்மெல் நிறுவனத்தின் வழியே வந்தது. அதன் கட்டளைகளை இறுதி செய்யும்போதே சுவீடனின் ஐ.ஏ.ஆர். கம்பைலர் வல்லுநர்களிடம் ஆலோசனை கேட்டிருந்தார்கள். உயர்நிலை மொழியில்தான் இனி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்துச் செய்த சிறு சிப் அது. நெதர்லாந்தின் மார்க் ஆல்பர்ட்ஸ் எழுதிய பாஸ்காம், அந்த ஏ.வி.ஆருக்குப் பேசிக் வாசலைத் திறந்தது. விலையில்லாமல் கிடைத்த அதன் முன்னோட்டப் பதிப்பு 4 கிலோபைட் வரை நிரலை அனுமதித்தது. 2 கிலோபைட் மட்டுமே கொண்ட ஏ.டி.90எஸ்2313 போன்ற சிப் வைத்திருந்தவருக்கு அது முழுப் பதிப்புக்குச் சமம்.

பாரத்தைத் தூக்கியவர்கள்

இந்தக் கம்பைலர்கள் நமக்காகச் சுமந்த பாரம் என்ன என்பதைச் சற்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் இவற்றை எழுதியவர்களின் உழைப்பு விளங்கும்.

நடுத்தர பிக் சிப்புகளில் ரேம் ஒரே நீளமாக இல்லை. ‘பேங்க்’ என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. சிப்பின் ஒரு இணைப்புக் கால் உள்ளீடா வெளியீடா என்று தீர்மானிக்கும் பெட்டி ஒரு பேங்கிலும், அந்தக் காலின் மதிப்பு வேறொரு பேங்கிலும் இருக்கும். மாறிப்போக ஒரு பிட்டைத் திருப்ப வேண்டும். திரும்பி வர மறந்தால் நிரல் தவறான இடத்தில் எழுதிக்கொண்டே போகும். கம்பைலர் ஒவ்வொரு வரியிலும் இதை நினைவு வைத்துக்கொள்கிறது. அந்தச் சிப்புகளுக்குப் பெருக்கல் தெரியாது. நகர்த்திக் கூட்டும் ஒரு துணை நிரலைக் கம்பைலர் தானே சேர்க்கிறது, அதுவும் நாம் பெருக்கல் கேட்டிருந்தால் மட்டும். துணை நிரலிலிருந்து திரும்பி வரும் முகவரிகளை வைக்க எட்டே இடங்கள். தொடக்க கால பிக்கில் இரண்டே இடங்கள். எது எதைக் கூப்பிடுகிறது என்று முழு நிரலையும் படித்து, ஒரே நேரத்தில் ஓட வாய்ப்பில்லாத இரு பகுதிகளுக்கு ஒரே ரேம் பைட்டைப் பங்கிட்டுத் தரும் கம்பைலர்களும் உண்டு.

கிரிஸ்டலை மாற்றினால் விளக்கு துடிக்கும் வேகம் மாறிய கதை என்ன ஆனது? நிரலின் தலைப்பில் சிப்பின் பெயரையும் கிரிஸ்டலின் வேகத்தையும் ஒருமுறை சொன்னால் போதும். சுற்றுகளின் கணக்கைக் கம்பைலரே போட்டுக்கொள்ளும். அரை வினாடி, எந்தக் கிரிஸ்டலிலும் அரை வினாடியாகவே இருக்கும்.

இந்த உழைப்பைச் சிலர் ஊருக்கே கொடுத்தார்கள். நெதர்லாந்தின் வூட்டர் வான் ஓயன், பாஸ்கல் சாயலில் ஜால் என்ற மொழியை பிக்குக்காக எழுதி, அதன் மூல நிரலையும் திறந்த உரிமத்தில் பொதுவில் வைத்தார். கைல் யார்க் அதைப் புதிதாக எழுதி இரண்டாம் பதிப்பாக்கினார். எழுத்துத் திரைகளுக்கும் சென்சார்களுக்கும் நூலகங்களைத் தன்னார்வலர்கள் சேர்த்தார்கள். ஹியூ கன்சிடைன் தொடங்கிய கிரேட் கவ் பேசிக், பிக், ஏ.வி.ஆர். ஆகிய இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே பேசிக்கில் எழுத வழி செய்தது. அது உருவாக்கும் அசெம்பிளிக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். நாம் எழுதிய ஒரு வரி, கீழே எத்தனை கட்டளைகளாக விரிந்திருக்கிறது என்பது கண்முன் தெரியும். அசெம்பிளி கற்க நினைக்கும் மாணவருக்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை. தன் சொந்த நிரலே அங்கே உதாரணமாக நிற்கிறது.

கம்பைலர் வந்ததால் இன்டர்பிரிட்டர் மறைந்துவிடவில்லை. பிரிட்டனின் ரெவல்யூஷன் எஜுகேஷன் நிறுவனம், பேசிக் முன்பதித்த பிக் சிப்புகளை பிக்ஆக்ஸ் என்ற பெயரில் பள்ளிகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. நிரலை இறக்க மூன்று கம்பிகளும் இரண்டு ரெசிஸ்டர்களும் போதும். வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் செய்து பார்க்க வேண்டிய இடத்தில், வேகத்தைவிட அந்த எளிமை பெரிதாக இருந்தது.

ஏளனமும் அதற்கான பதிலும்

‘நிஜமான பொறியாளர் அசெம்பிளியிலோ சி மொழியிலோதான் எழுதுவார், பேசிக் எல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு’ என்ற பேச்சு அந்த நாட்களில் உண்டு, இன்றும் உண்டு. அதில் நியாயமான பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். மைக்ரோ வினாடி தவறக்கூடாத வேலையில் கம்பைலர் எழுதியதை நம்பிக் கண்ணை மூட முடியாது. கையால் கவனமாக எழுதிய அசெம்பிளி, இடத்தை மிச்சப்படுத்தும். லட்சக்கணக்கில் தயாரிக்கும் பொருளில் ஒரு கிலோபைட் குறைந்தால் விலை குறைந்த சிப்புக்கு மாறலாம்.

ஆனால் அந்தப் பேச்சு ஒன்றைப் பார்க்கத் தவறுகிறது. சிக்கல் எங்கும் போய்விடவில்லை. ஆயிரம் பயனாளர்கள் தனித்தனியாகப் பட வேண்டிய பாட்டைக் கம்பைலர் எழுதிய ஒருவர் ஒருமுறை பட்டுத் தீர்த்தார். 1,024 சொற்களுக்குள் ஒரு மொழியை அடக்கியதும், பேங்க் மாறும் கணக்கைப் பிழையில்லாமல் தானியங்கியாக்கியதும் அந்தக் காலத்தின் கடினமான பொறியியல் வேலைகள். எளிமையாகத் தெரிவதை எளிதாகச் செய்தார்கள் என்று எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. முதல் விளக்கை எரித்துப் பார்த்தவர்தான் இரண்டாவது கேள்வியைக் கேட்பார். அசெம்பிளிக்குப் போனவர்களில் பலர் அந்த முதல் விளக்கின் வழியாகத்தான் போனார்கள்.

இந்த மொழிகள் சாதித்ததற்கு இன்னொரு சான்று, அடுத்து வந்தவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது. வட இத்தாலியில் ஒலிவெட்டி நிறுவனத்தால் பெயர்பெற்ற ஊர் இவ்ரேயா. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் பொறியியல் படிக்காத மாணவர்கள் பயன்படுத்தி வந்தது பேசிக் ஸ்டாம்பைத்தான். அதன் விலையும் வேகமும் போதவில்லை என்று உணர்ந்தார்கள். ஆனால் சிப்போடு பேசுவது தங்களால் முடியாத காரியம் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை. அந்த எண்ணத்தை ஸ்டாம்ப் ஏற்கெனவே உடைத்திருந்தது. 2003-ல் அங்கே கொலம்பியாவிலிருந்து வந்த ஹெர்னாண்டோ பர்ராகன் என்ற மாணவர், தன் பட்ட ஆய்வாக ஒரு போர்டையும் அதற்கான எளிய நிரலாக்கச் சூழலையும் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் வயரிங்.

அந்த ஆய்விலிருந்து இரண்டே ஆண்டுகளில் ஆர்டுயினோ எப்படி வந்தது, பேசிக்கை விட்டுவிட்டு சி++ மொழியைத் தொடக்கநிலையாளர் கையில் கொடுக்கத் துணிந்தது எப்படி, அந்தப் புகழில் பர்ராகனின் பங்கு எவ்வளவு பேசப்பட்டது என்பவற்றை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)